வியாழன், எட்டிலிருந்து இரண்டு வரை

லா குலெத் துறை,
21 ஜூன் 2007, வியாழன்

வசீலாவுக்கு லமீன் எழுதுவது.

நீயும் நம் மகள் ரீமும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மார்ச் மாதம் ஜெனோவாவிலிருந்து நான்கு முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். நான்கு முறையும் என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இதை உன்னிடம் கொண்டுவருகிறவன் ஹம்மாதி. இன்று காலை கப்பல் கரையணைந்தபோது கீழே நின்று கயிற்றை வாங்கித் தூணில் மாட்டியது அவன்தான். நான் கீழ்த்தளத்துக் கதவருகே நின்றிருந்தேன். நிமிர்ந்து பார்த்தான். பிறகு, “டேய் லமீன், முடியெல்லாம் எங்கடா போச்சு? சுண்டுவிரலாவது திரும்ப வளந்துச்சா?” என்று கத்தினான். இருவரும் ஒன்றாகக் கயிறு இழுத்த காலத்தில் என் இடது கைச் சுண்டுவிரல் பாதி போனது அவன் கண் முன்னால்தானே. நான் கையைத் தூக்கிக் காட்டினேன். பதினோரு வருஷம் ஊர்ப்பக்கமே வராதவனிடம் அவன் கேட்டது அவ்வளவுதான். எனக்கு அது வசதியாக இருந்தது.

இந்தக் கோடை முழுக்க எனக்கு இந்தச் சுற்றுலாக் கப்பலில் வேலை. சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறேன். ஞாயிறன்று ஜெனோவா, அப்புறம் நேப்பிள்ஸ், பலெர்மோ, பிறகு இங்கே. பயணிகள் துனிஸைப் பார்த்து வர, ஒரு வாரம் விட்டு ஒரு வியாழன், காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை நிற்போம். வேலைக்குச் சேரும்போது ஊர்ப் பட்டியலை நீட்டினார்கள். அதில் நம் ஊர்ப் பெயர் இருந்தது. பார்த்ததும் ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மேல்தளத்திலிருந்து பார்த்தால் கோட்டைச் சுவருக்குப் பின்னால் நம் தெருவின் மொட்டைமாடிகள் தெரிகின்றன. எது நம்முடையது என்று தேடினேன். ஐந்தாறு மாடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. எது உன்னுடையது என்று தெரியவில்லை.

என்னால் ஆகக்கூடியது ஏதாவது இருந்தால் எழுது. 5 ஜூலை வியாழன் மறுபடி வருவோம்.

இப்படிக்கு,
லமீன்


லா குலெத்,
24 ஜூன் 2007

லமீனுக்கு,

கடிதம் கிடைத்தது. ஹம்மாதி நேராகக் கடைக்கு வந்து உறையை மாவுப் பலகை மேல் போட்டான். தபால் கூலியாக இரண்டு பிரிக் பொரித்துத் தரச் சொன்னான். ஒவ்வொரு மாவு மடிப்புக்குள்ளும் இரண்டு முட்டை உடைத்து ஊற்ற வேண்டுமாம். இனி நீங்கள் எழுதுவதானால் சுருக்கமாக ஒரே கடிதமாக எழுதுங்கள். எண்ணெய் காய்கிற நேரத்தில் அவன் வந்து நின்றுகொண்டு வாடிக்கையாளர்களிடம் கதை பேசுகிறான்.

ஆம், எனக்கு இப்போது கடை இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கடலோரப் பெரிய தெருவில், பழைய சினிமாக் கொட்டகைக்கு எதிரே. ஏழு வருஷமாக நடத்துகிறேன். கப்பல் வரும் நாட்களில் உங்கள் பயணிகள் சிலர் வந்து சாப்பிடுவார்கள். முட்டைக் கரு முகவாயில் ஒழுகப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஏதாவது ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்று ஆக வேண்டும்.

ரீம் பள்ளி இறுதித் தேர்வில் மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தாள். லியோனில் மருந்தியல் படிக்க இடமும் உதவித்தொகையும் கிடைத்திருக்கிறது. செப்டம்பர் பத்தாம் தேதி அங்கே இருக்க வேண்டும். அவளுக்குப் பதினெட்டு வயதுதான். இருபது ஆகும்வரை பாஸ்போர்ட்டுக்கு அப்பாவின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் கையெழுத்தை நகராட்சி எழுத்தர் முன்னால் நின்று, அவருடைய பதிவேட்டில் போட வேண்டும். வீட்டில் போட்டுக் கொடுத்தால் செல்லாது. நான் அவளை வளர்த்தேன் என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

வேறு வழியும் இருக்கிறது என்று வக்கீல் சொன்னார். கணவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை என்று நான் நீதிபதி முன் சொல்ல வேண்டும். இரண்டு சாட்சிகள் அதையே சொல்ல வேண்டும். அப்புறம் அதிகாரம் எனக்கு வந்துவிடும். மே மாதமே செய்திருக்கலாம். செய்யவில்லை. ரீமின் பள்ளிப் படிவங்களில் தந்தை என்ற இடத்தில் பதினோரு வருஷமாக ‘கடலில் வேலை’ என்று எழுதி வந்திருக்கிறேன். அதை அடித்துவிட்டுத் ‘தெரியவில்லை’ என்று எழுத என் கை போகவில்லை.

ஜெனோவாவில் நம் தூதரகம் இருக்குமே, அங்கே போட்டு அனுப்ப முடியுமா?

வசீலா


லா குலெத் துறை,
5 ஜூலை 2007

வசீலாவுக்கு,

உன் கடிதத்தை இப்போதுதான் படித்தேன். ஹம்மாதி கீழே காத்திருக்கிறான். கயிற்றை அவிழ்ப்பதற்குள் கொடுக்க வேண்டும்.

மூன்றாவதாக வந்தாள் என்பதை இரண்டு முறை படித்தேன். அவள் ஏழு வயதில் எழுத்துகளைத் தலைகீழாக எழுதியது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு உள்ள ரீம் எனக்குத் தெரியாது.

ஜெனோவாவில் நாங்கள் இருப்பது ஞாயிறு மட்டும். அன்று தூதரகம் பூட்டியிருக்கும். ஆகவே இங்கேதான் போட வேண்டும். நகராட்சியில் எழுத்தர் இன்னும் சி தாஹர்தானா? இன்னும் பேரை எல்லாருக்கும் கேட்கும்படி படித்துவிட்டுத்தான் பேனாவைக் கொடுப்பாரா? காலை நேரத்தில் அந்த வரிசையில் நம் தெருவே நிற்கும். அவர் என் பேரைப் படித்ததும் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதை நினைத்துக்கொண்டு சமையலறையில் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். பயமா என்றால் பயம் என்றும் சொல்ல முடியவில்லை. துடைத்த தட்டையே மறுபடி துடைத்தேன்.

ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல ஒரு கதை இல்லை. இன்னொரு குடும்பம் இல்லை, சிறை இல்லை. முதல் ஒப்பந்தம் முடிந்ததும் இன்னும் ஒன்று முடித்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். அது முடிந்தபோது இவ்வளவு நாள் கழித்து என்ன முகத்தோடு போவது என்று தோன்றியது. மூன்று வருஷம் கழித்து அதுவும் தோன்றவில்லை. தட்டு வைத்தேன், தட்டு எடுத்தேன்.

19 ஜூலை காலை பத்து மணிக்கு நகராட்சி வாசலுக்கு வருகிறேன். மேலாளரிடம் அனுமதி கேட்டாயிற்று.

லமீன்


லா குலெத்,
8 ஜூலை 2007

ரீமின் அப்பாவுக்கு,

சி தாஹர்தான் இருக்கிறார். முன்பைவிட உரக்கப் படிக்கிறார், காது மந்தமாகிவிட்டது. ஜூலை, ஆகஸ்டில் நகராட்சி ஒரு வேளைதான். ஒரு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். உங்கள் அடையாள அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள். மற்றதை நான் கொண்டுவருகிறேன்.

வரிசையில் நம் தெருக்காரர்கள் இருந்தால் இருக்கட்டும். நான் அந்த வரிசையில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். என் பேரைப் படிக்கும்போதும் திரும்பித்தான் பார்த்தார்கள். ஒரு நிமிஷம் பார்ப்பார்கள், அப்புறம் அவரவர் காகிதத்தைப் பார்ப்பார்கள்.

நீங்கள் வருவதை ரீமிடம் சொன்னேன். சரி என்றாள். எடுத்து வைத்திருந்த உங்கள் புகைப்படத்தை மட்டும் ஒரு முறை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்குக் காலையில் கோடை வேலை ஒன்று இருக்கிறது. ஒன்பதரைக்கு முடித்துவிட்டு நேராக நகராட்சிக்கு வந்துவிடுவாள்.

வீட்டுக்கு வர வேண்டியதில்லை. சாப்பாடு ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. பசித்தால் கடையில் பிரிக் இருக்கும்.

வசீலா


லா குலெத்,
19 ஜூலை 2007, மாலை

லமீனுக்கு,

இதை அடுத்த முறைதான் படிப்பீர்கள். இப்போதே எழுதிவிடுகிறேன், ஆறிப்போனால் எழுத மாட்டேன்.

ஒன்பதே முக்காலுக்கு நகராட்சிக்குப் போனேன். சி தாஹரிடம் விஷயத்தைச் சொன்னதும் பதிவேட்டைத் திறந்து, ரீமின் பேரையும் உங்கள் பேரையும் எழுதி, கையெழுத்துப் போடும் இடத்தில் பேனாவை வைத்துத் தயாராக இருந்தார். பத்துக்கு ரீம் வந்தாள். கை முழுக்க மல்லிகை வாசனை. நடைபாதைப் பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் ஆகியிருக்காது.

“போலாம்மா. அவர் வரமாட்டார்” என்றாள்.

நான் அவளைத் திட்டினேன். துறைமுக வாசலில் சோதனை இருக்கும், கூட்டம் இருக்கும், மேலதிகாரி கடைசி நேரத்தில் வேலை கொடுத்திருப்பான், ஆயிரம் இருக்கும் என்றேன். உங்களுக்காக நான் பரிந்து பேசுவதைக் கேட்டு எனக்கே வியப்பாக இருந்தது. ஒரு மணி வரை என்னோடு உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டரைக்கு சி தாஹர் எழுந்து வந்து, “வருவானாம்மா?” என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டதாக அவர் நினைப்பு. வரிசை முழுக்கக் கேட்டது. தெரியவில்லை என்றேன். ஒரு மணிக்குப் பேனாவை மூடினார். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. பதிவேட்டில் பக்கம் கிழிக்கக் கூடாதாம். குறுக்கே ஒரு கோடு போட்டு ‘வரவில்லை’ என்று எழுதினார்.

இரண்டு மணிக்குக் கப்பல் ஊதியபோது கடையில் இருந்தோம். ரீம் மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஹம்மாதி இன்று கடிதம் எதுவும் கொண்டுவரவில்லை. பிரிக்கும் கேட்கவில்லை.

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ராத்திரிக்கு என்ன சமைப்பது என்றுதான் யோசித்தேன்.

பாஸ்போர்ட் கைக்கு வர மூன்று வாரம் ஆகும். 2 ஆகஸ்ட் ஒரு வியாழன், 16 ஆகஸ்ட் ஒரு வியாழன். அதற்குப் பிறகு நீங்கள் வந்தும் பிரயோஜனமில்லை.

வசீலா


லா குலெத் துறை,
2 ஆகஸ்ட் 2007

வசீலாவுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பொய் சொல்ல மனமில்லை. சொல்லும் தெம்பும் இல்லை.

அன்று எனக்கு அனுமதி இருந்தது. எட்டரைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, அடையாள அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கத் தயாராகிவிட்டேன். சுற்றுலாப் பொறுப்பாளர் படிக்கட்டுத் தலைப்பில் நின்றிருந்தார். ஒன்பதாம் எண் குழுவுக்கு ஆள் குறைகிறது, எண் பலகையைப் பிடித்துக்கொண்டு கடைசியாக நடந்துவர முடியுமா என்று கேட்டார். அது கட்டாயமில்லை. எனக்கு ஊரில் வேலை இருக்கிறது என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார். நான் சொல்லவில்லை. கையை நீட்டிப் பலகையை வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று இரண்டு வாரமாக யோசிக்கிறேன்.

படிக்கட்டின் கீழே பெண்கள் நின்று, இறங்குகிறவர்களுக்கெல்லாம் மல்லிகை மொட்டுச் செண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கடைசி ஆள். எனக்குக் கொடுத்த பெண்ணுக்கு உன் முகவாய். சட்டையில் பேர் குத்தியிருந்தது. ரீம்.

பிரெஞ்சில் நல்வரவு சொன்னாள். நான் செண்டை வாங்கி நன்றி சொன்னேன். போயிருக்கலாம். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு, “முதல் தடவையா வர்றீங்களா?” என்று கேட்டாள்.

“ஆமா” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நான் பேருந்தில் ஏறினேன்.

பேருந்து பெரிய தெரு வழியாகத்தான் போனது. இடப்பக்கம் மீன் கடைகள், நேரமில்லாததால் இங்கே நிற்க முடியாது என்றாள் வழிகாட்டி. சினிமாக் கொட்டகைக்கு எதிரே சாத்தியிருந்த உன் கடையைப் பார்த்தேன். கடையின் பெயர்ப் பலகையில் ரீமின் பேர் எழுதியிருந்தது. கார்தேஜில் உடைந்த தூண்களைக் காட்டினார்கள். சிறுவயதில் நாங்கள் அந்தத் தூண்களில் ஏறிக் கடலில் குதிப்போம். வழிகாட்டி அவற்றைப் பற்றி நிறையச் சொன்னாள், எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. துனிஸ் கடைவீதியில் ஒரு கிழவி, இங்கே தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். பத்து மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றுக்கும் பார்த்தேன். ஒரு டாக்ஸியோ ரயிலோ பிடித்தால் இருபது நிமிஷம். பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றேகாலுக்குத் துறைக்குத் திரும்பினோம்.

செண்டு என் அலமாரியில் கிடக்கிறது. பழுப்பாகிவிட்டது. எறியவில்லை.

இன்று எங்கள் பிரிவுக்குத் தீயணைப்புப் பயிற்சி, யாருக்கும் கரையிறங்க அனுமதி இல்லை. இது நிஜம், ஹம்மாதியைக் கேட்டுக்கொள். 16ஆம் தேதி கட்டாயம் வருவேன். எந்தப் பலகையையும் வாங்க மாட்டேன். ரீமிடம் ஒன்றும் சொல்லாதே. அவளுக்கு நான் யாரென்று தெரியாமல் இருப்பதே இப்போதைக்கு நல்லது. பத்து மணிக்கு நகராட்சியில் நானே சொல்லிக்கொள்கிறேன்.

லமீன்


லா குலெத்,
14 ஆகஸ்ட் 2007

இருப்பிடம் தெரியாத லமீனுக்கு,

இப்படித் தொடங்குவதை நக்கல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு ரீமைக் கூப்பிட்டு, அன்று கப்பல் படிக்கட்டில் கடைசியாக இறங்கிய ஆளுக்குப் பூக் கொடுத்தாயா என்று கேட்டேன்.

“கொடுத்தேம்மா” என்றாள். “படிக்கட்டுல பாதி இறங்கும்போதே தெரிஞ்சுடுச்சு. கைப்பிடியைப் புடிச்சிருந்தாரு, சுண்டுவிரல் பாதிதான் இருந்துச்சு.”

தங்களை நல்வரவு மட்டும்தான் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். யாரிடமும் வேறெதுவும் கேட்கக் கூடாதாம். உங்களிடம் மட்டும்தான் அவள் கேட்டாள். நீங்கள் பேசுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று கேட்டாளாம். நீங்கள் ஆமாம் என்றீர்கள்.

அதனால்தான் பத்து நிமிஷத்தில் எழுந்து போகலாம் என்றாள். நான் திட்டியதை வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், நான் காத்திருந்து முடிக்கட்டும் என்று. ஏண்டி அப்பவே சொல்லலை என்று கேட்டேன். “நீ அவருக்காகப் பேசிக்கிட்டு இருந்தேம்மா. எப்படிச் சொல்றது” என்றாள். அப்போதும் அவள் அழவில்லை. எனக்கும் வரவில்லை. எண்ணெய் புகைந்தது, அடுப்பை அணைத்தேன். அன்று அதற்கப்புறம் கடை திறக்கவில்லை.

மறுநாள் நான் பேச்செடுப்பதற்கு முன்பே அவள் சொன்னாள்: “இங்க முதல் தடவை வந்தவர் எனக்கு எப்படிம்மா கையெழுத்துப் போட முடியும்?” நக்கலாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

6ஆம் தேதி நீதிமன்றம் போனேன். கணவர் எங்கே இருக்கிறார் என்று நீதிபதி அம்மாள் கேட்டாள். தெரியவில்லை என்றேன். மே மாதம் அந்தச் சொல்லை எழுதவே என் கை போகவில்லை. இப்போது தண்ணீர் போலப் போனது. முதல் சாட்சி சி தாஹர். தம் பதிவேட்டையே கையோடு கொண்டுவந்திருந்தார். வரவில்லை என்று எழுதிய பக்கத்தைக் காட்டினார்.

இரண்டாவது சாட்சி ஹம்மாதி. ஆம், அவனேதான். நான் கேட்கவில்லை, அவனாக வந்து நின்றான். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று நீதிபதி கேட்டாள். “தொண்ணூத்தாறுல, ஏப்ரல் மாசம். அவன் ஏறிப்போன கப்பலோட கயித்த நான்தான் அவுத்து விட்டேன்” என்றான்.

வெளியே வந்ததும், எனக்காகப் பொய் சத்தியம் செய்துவிட்டாயே என்றேன். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டான்.

“பொய் இல்ல தங்கச்சி. அந்தக் கப்பல்ல ஒருத்தன் இருக்கான். அவன்கிட்ட கடுதாசி வாங்கினேன், குடுத்தேன். லமீன் எங்க இருக்கான்னு எனக்கு நெஜமாவே தெரியல.”

அதோடு இன்னொன்றும் சொன்னான். எங்கே இருக்கிறான் என்று தெரியாத ஆளுக்கு இனி அவனால் கடிதம் கொண்டுபோக முடியாதாம். நான் மிகவும் கெஞ்சியதால் இந்த ஒன்றை மட்டும் கொண்டுவருகிறான். பதில் எழுத வேண்டாம். எழுதினாலும் அவன் வாங்க மாட்டான்.

படிவத்தில் ‘கடலில் வேலை’ என்றிருந்ததை நீதிமன்ற எழுத்தர் அடித்துவிட்டுத் ‘தெரியவில்லை’ என்று எழுதினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகான கையெழுத்து. 10ஆம் தேதியே பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். ரீம் செப்டம்பர் ஆறாம் தேதி கிளம்புகிறாள். நீங்கள் கிளம்பியபோது திரும்பி வர வேண்டும் என்று உங்கள் பின்னால் வாசலில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். அவளுக்கும் ஊற்றத்தான் போகிறேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது.

16ஆம் தேதி நீங்கள் நகராட்சிக்கு வர வேண்டாம். சி தாஹருக்குச் சங்கடம். ஊரைப் பார்ப்பதானால் பாருங்கள், ஆறு மணி நேரம் இருக்கிறது. ரீம் இந்த மாதக் கடைசி வரை படிக்கட்டின் கீழேதான் நிற்பாள். இறங்கினால் உங்களுக்கும் பூக் கொடுப்பாள், எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு முறை எதுவும் கேட்க மாட்டாள். நீங்களும் எதுவும் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். பூவை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். யாராவது வாங்காமல் போனால், சரியாகச் சிரிக்கவில்லை என்று மேற்பார்வையாளர் அவளைத்தான் திட்டுகிறார்.

வசீலா